முதலில் பிரேக் பிடிக்கப் படி

அன்புள்ள கவினுக்கு,

வண்டியை வேகமாகவும் சரியாகவும் ஓட்ட யாரிடம் படிப்பது என்று கேட்டிருந்தாய். நள்ளிரவு ஓ.எம்.ஆரில் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஆசிரியரைத் தேடுகிறாயே, அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

உன் பாலிடெக்னிக் இருக்கும் தரமணியிலேயே சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. அதன் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு கும்மிடிப்பூண்டியில். ஆனால் அது கனரக வண்டி ஓட்டுபவர்களுக்கானது. நீ போகவேண்டிய இடம் பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டை. 1953இல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி டிராக் போட்டது. 1990இல் திறந்த அந்த டிராக் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்கே பலமுறை வகுப்பு நடத்தியிருக்கிறது. அவர்களுடைய முதல் பாடம் வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரைச் சீராகத் திறப்பது. ஒரே கியர், பிரேக்கைத் தொடக்கூடாது. நம்மூர் பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணன் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும் உண்டு. காருக்கு என்றால் அக்பர் இப்ராஹிமின் மீக்கோவை விசாரி.

எங்கே சேர்ந்தாலும் பிரேக்கைப் பற்றிக் கேள். நல்ல டயர், காய்ந்த சாலை, 60 கிலோமீட்டர் வேகம்: பிரேக் பிடித்த பின் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர். 120இல் 40 என்று மனம் கணக்குப் போடும், உண்மையில் 80. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால், அதற்குள் 120இல் இன்னும் 33 மீட்டர் ஓடியிருக்கும். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் முன்னால் போகும் பஸ் திடீரென நின்றால் உனக்கு அந்த இடம் இருக்காது. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதே. மெல்லத் தொடங்கி, எடை முன் சக்கரத்துக்கு வந்ததும் இறுக்கிக்கொண்டே போ. இது உடம்பில் ஏற, எதிரே வண்டி வராத இடத்தில் ஆசிரியர் பார்க்கப் பார்க்கத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

ஒன்றை மட்டும் டிராக்கிலேயே விட்டுவிட்டு வா: பந்தயக் கோடு. டிராக்கில் வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, சாலை முழுவதையும் பயன்படுத்துவார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வலப்பக்கம் அப்படித் திரும்பினால் எதிரே இறங்கும் லாரியின் முன்னால் நிற்பாய். கண்ணைத் தூரமாக வைக்கும் பழக்கத்தை மட்டும் கொண்டு வா. கண் பள்ளத்தையே பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்குத்தான் போகும்.

பணம் கட்டும் முன் விசாரிக்க வேண்டியவை சில. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உட்காரவைத்துத் தவறைச் சொல்வாரா? ஆம்புலன்ஸ் நிற்குமா? லெதர் சூட் வாடகைக்குக் கிடைக்குமா? முதல் பேச்சிலேயே லேப் டைம் பற்றிப் பெருமை பேசுபவரிடம் சேராதே. வழக்கமான வாகனக் காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இடமில்லை. பாலிசியை எடுத்துப் படி.

டயர், பிரேக் பேட், செயின் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடு. தேதி முடிவானதும் எழுது. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா