அடாப்டர் மட்டும் போதுமா?

மாணவர்களே! கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் அக்கா அமெரிக்காவுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பெட்டியில் ஏறிவிட்டன. "கெட்டிலையும் வைத்துவிடு, அங்கே ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்வாள்" என்கிறார் அம்மா. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் பிளக்கின் முனைகள் உருண்டை. அங்கே இரண்டு தட்டையான முனைகள். அடாப்டர் இந்த வடிவ வேறுபாட்டை மட்டுமே சமாளிக்கும். மின்னழுத்தத்தை மாற்றாது.

கெட்டிலின் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று எழுதியிருக்கிறது. திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துக் கிடைப்பது அல்லவா? ஆகவே,

மின்தடை = 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம்.
அமெரிக்காவில் திறன் = 120 × 120 ÷ 52.9 = 272 வாட்.

மின்னழுத்தம் ஏறக்குறைய பாதியானால் திறன் ஏறக்குறைய கால் பங்காகிறது! வெப்ப இழப்பை விட்டுவிட்டால், 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீர் இங்கே 5 நிமிடத்தில் கொதிக்கும். அங்கே 18 நிமிடம் ஆகும். அக்காவின் காப்பி தாமதமாகும். வேறு ஆபத்து இல்லை.

ஆபத்து திரும்பி வரும்போதுதான். அங்கே வாங்கிய 120 வோல்ட், 1200 வாட் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை 12 ஓம். அதை நம் வீட்டில் செருகினால் திறன் 4,400 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் 19 ஆம்பியர். சாதாரண சாக்கெட் தாங்குவதோ 6 ஆம்பியர்தான். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம்; போகாவிட்டால் சுருள் கருகும், தீயும் பிடிக்கலாம்.

மின்மாற்றி வைத்தால்? மின்னழுத்தம் சரியாகும், அதிர்வெண் மாறாது. கிரைண்டரின் தூண்டல் மோட்டார் அதிர்வெண்ணைப் பொறுத்தே சுழல்வதால், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும்.

செல்போன் சார்ஜரைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்றிருக்கும். அதற்கு மட்டும் அடாப்டர் போதும். எனவே எதைப் பெட்டியில் வைக்கும் முன்பும் அதன் அடியிலுள்ள எழுத்தைப் படியுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: ஜப்பானில் 100 வோல்ட், சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அக்காவின் கெட்டில் இவ்விரு நாடுகளிலும் எத்தனை வாட் தரும்? எங்கே அடாப்டர் மட்டும் போதும்?