மாஸ்டர் ஆனதும் மக்கர்

கேள்வி: ஆன்லைன் கோல்ஃபில் ‘டூர் ப்ரோ’வாக இருந்த வரையில் என் மகன் வெளுத்து வாங்கினான். ‘மாஸ்டர்’ ஆனதும் அதே மைதானத்தில் திணறுகிறான். ஏமாற்று வேலையா?
- வாசகர், அஸ்தினாபுரம்

பதில்: மைதானம் அதேதான், பந்தை வைக்கும் இடம் வேறு. டபிள்யூ.ஜி.டி. என்ற ஆன்லைன் கோல்ஃபில் சராசரி ஸ்கோர் குறையக் குறைய (கோல்ஃபில் குறைந்தால்தான் கெட்டிக்காரர்) ‘டூர் ப்ரோ’, ‘மாஸ்டர்’ என்று படி உயரும். படி உயர, முதல் அடிக்கான ‘டீ’ பின்னுக்குப் போகும். நேற்று இரண்டே அடியில் தொட்ட ‘கிரீன்’ (குழி இருக்கும் புல்தரை) இன்று மூன்று கேட்கும்.

நந்தனத்தில் ஆடும் நிஜக் கோல்ஃபில் கற்றுக்குட்டிக்குச் சலுகை: ‘ஹேண்டிகேப்’ என்று ஸ்கோரில் சில அடிகளைக் கழித்துவிடுவார்கள். தெரு கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணிக்கு முதல் பந்தில் அவுட் கிடையாதே, அதுபோல. கைதேர்ந்தவரைவிடச் சுமாராக ஆடுபவருக்கு மைதானம் எவ்வளவு கடுமை என்பதற்கும் ‘ஸ்லோப்’ என்றொரு எண்: 55 முதல் 155 வரை, நடுத்தரம் 113.

பழைய ஸ்கோரை மறந்து ஆடச் சொல்லுங்கள். காசு கட்டிப் புது மட்டை வாங்கித் தரக் கேட்டால் மட்டும் காதில் விழாததுபோல் இருந்துவிடுங்கள்.