தாய்மைக் காலத்தில் மிகை எடை: அளக்கும் முறையும் பேசும் முறையும்

தாய் சேய் நலப் பணியில் பயன்படும் சாதனங்களுள் எடை பார்க்கும் கருவியைப்போல் எளியது வேறில்லை. ஆயினும் பருத்த உடலுடைய கர்ப்பிணிக்கு அதன்மேல் ஏறி நிற்பதே பெரும் சோதனையாகிவிடுவதுண்டு. பலர் சூழ்ந்து நிற்கையில் ஊழியர் எண்ணை உரக்கப் படித்து, கேலிச் சொல் ஒன்றையும் சேர்த்துவிட்டால், அவள் அடுத்த முறை வராமலே இருந்துவிடக்கூடும். எடை பார்க்க வராதவளுக்கு இரத்த அழுத்தமும் பார்க்கப்படுவதில்லை; சிறுநீரும் இரத்தமும் சோதிக்கப்படுவதில்லை. இவ்வாறு நாணம், நோயைக் கண்டறியும் வழியையே அடைத்துவிடுகிறது. மிகை எடையால் நேரும் இடர்களையும், அவற்றைத் தாயின் மனம் நோகாவண்ணம் எடுத்துரைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

நாட்டின் நிலை

இந்தியத் தாய்மார்களின் உணவுப் பிரச்சினை என்றாலே மெலிவுதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மெலிவு இன்னும் நீங்கவில்லை; அதனுடன் மிகை எடையும் சேர்ந்துகொண்டது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் மெலிந்தவர்கள். 24 பேர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 2015–16-இல் இப்பிந்திய எண் ஏறத்தாழ 21 ஆக இருந்தது.

அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச்சோகை காணப்பட்டது. பருத்த உடலிலும் இரத்தச்சோகை இருக்கலாம். எனவே, தோற்றத்தைக் கண்டு இரும்புச்சத்து மாத்திரை தேவையில்லை என்று முடிவு கட்டலாகாது.

எடை கூடுவது ஏன்?

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் எடை 12 கிலோ கூடியது எனக் கொள்வோம். அதில் குழந்தை ஏறத்தாழ 3 கிலோ. நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. வளர்ந்த கருப்பை ஒரு கிலோ. பெருகிய இரத்தமும் உடல் திசுக்களிலுள்ள நீரும் சேர்ந்து 3 கிலோ. மார்பகங்கள் அரைக் கிலோவிற்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய 3 கிலோ அளவு கொழுப்பு. பின்னர்ப் பால் சுரப்பதற்கென உடல் சேர்த்துவைக்கும் சேமிப்பு இது. ஆகவே, எடை கூடுவது இயற்கையே. தேவைக்கு மிஞ்சிக் கூடுவதே கவனிக்கத்தக்கது.

இதனை மதிப்பிட உடல் நிறைக் குறியெண் உதவும். கர்ப்பத்திற்கு முன்போ தொடக்க மாதங்களிலோ இருந்த எடையைக் கிலோவில் குறித்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.5 மீட்டர் உயரமும் 63 கிலோ எடையும் உடையவளின் குறியெண் 63 ÷ 2.25 = 28 ஆகும்.

அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வரம்புகளின்படி, குறியெண் 18.5 முதல் 24.9 வரை உள்ளவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோவும், 25 முதல் 29.9 வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோவும், 30-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 முதல் 9 கிலோவும் கூடலாம். இந்தியர்களுக்கோ குறியெண் 23-ஐ எட்டும்போதே நீரிழிவு போன்ற இடர்கள் மிகத் தொடங்குகின்றன. ஆதலால், ஒவ்வொரு தாய்க்கும் உரிய அளவை டாக்டரே முடிவு செய்தல் நலம்.

நேரக்கூடிய இடர்கள்

மிகை எடையுள்ள கர்ப்பிணிக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நரம்புகளில் இரத்தம் உறைதல், அறுவை மூலம் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு மிகுதி. நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுகோஸ் கரைத்த நீரைப் பருகச் செய்து, 2 மணி நேரத்திற்குப் பின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. சர்க்கரை அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. முதல் வருகையிலும், மீண்டும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இச்சோதனை செய்யப்பட வேண்டும். எடை திடீரென ஏறுதல், முகமும் கைகளும் வீங்குதல், கடுந்தலைவலி, பார்வை மங்கல் ஆகியவை அபாயக் குறிகள்; அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக.

தாய் கேட்கும் இருவகைச் சொற்கள்

கர்ப்பிணியிடம் வீட்டார், "இருவருக்காகச் சாப்பிடு" என்கின்றனர். உண்மையில் அவளுக்குக் கூடுதலாக வேண்டுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி மட்டுமே. பிரசவத்திற்குப் பின்னும் பஞ்சாபில் பஞ்சீரி, வடநாட்டின் பிற பகுதிகளில் கோந்து லட்டு என நெய்யும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்கள் அன்புடன் ஊட்டப்படுகின்றன. சில மாதம் சென்றதும், "ஏன் இப்படிப் பருத்துவிட்டாய்?" என்ற கேள்வி எழுகிறது. ஓராண்டிற்குள் இவ்விரண்டையும் கேட்கும் பெண் தன் உடலையே வெறுக்கத் தொடங்கலாம். சிலர் பட்டினி கிடப்பர். சிலர் வெளியே வருவதையே நிறுத்திவிடுவர்.

பிரசவத்திற்குப் பின்

கருப்பை பழைய அளவிற்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். வயிறு உடனே ஒட்டாதது குறையன்று என்று தாய்க்கு விளக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. ஆகவே பட்டினி தகாது. மிகை எடையுள்ள தாய்க்குப் பால் சுரக்கச் சற்றுத் தாமதமாகலாம். அப்போது குழந்தையை அடிக்கடி மார்பில் விடச் செய்து ஊக்குவித்தல் வேண்டும். டாக்டரின் இசைவுடன் நடைப்பயிற்சியைத் தொடங்கி, வாரத்திற்கு 150 நிமிடங்கள் வரை படிப்படியாக உயர்த்தலாம். கர்ப்ப காலத்தில் நீரிழிவு கண்டவர் 6 வாரங்களுக்குப் பின் மறுபடியும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் அந்நோய் வரும் வாய்ப்பு அவருக்குப் பல மடங்கு அதிகம்.

துயரம், உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் அனுப்புக. தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிட எண்ணுவதாகத் தாய் கூறினால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. எடையைத் தனியிடத்தில் பார்த்து, தாய்க்கு மட்டும் தெரிவித்து, அட்டையில் குறிக்க வேண்டும்.

2. "இவ்வளவு பருத்துவிட்டீர்களே" என்னாமல், "சென்ற மாதத்தைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறது, அம்மா, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்கலாம்.

3. கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கச் சொல்லலாகாது. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் குறைத்து, பருப்பு, கீரை, காய்கறி, பால், முட்டை ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

4. சமைப்பவரும் பரிமாறுபவரும் வீட்டு மூத்தோரே. ஆதலால் மாமியாரையும் கணவரையும் உடன் வைத்துப் பேசுதல் பயன் தரும்.

5. மாணவிகளின் உடலைக் குறித்துப் பட்டப்பெயர் வைப்பதை ஆசிரியர் வகுப்பிலேயே தடுக்க வேண்டும். இன்றைய மாணவியே நாளைய தாய்.

எடைக் கருவி காட்டும் எண் சிகிச்சைக்கு வழிகாட்டும் குறிப்பேயன்றித் தாயின்மீது கூறும் தீர்ப்பன்று. அடுத்த மாதமும் அவள் தயக்கமின்றி அக்கருவியின்மேல் ஏறி நிற்பாளாயின், ஊழியரின் பணி நன்கு நிறைவேறியது எனலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 1.5 மீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உடைய இந்தியப் பெண்ணின் குறியெண் யாது? அவள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

2. பருத்த கர்ப்பிணிக்கும் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படுவது ஏன்?

3. எடை பார்க்க வர மறுக்கும் தாயிடம் எவ்வாறு பேசுவீர்கள்?