பேனா எடுத்தாச்சா?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நடை என்றால் முன்பெல்லாம் பெரிய பஞ்சாயத்து. “இன்னும் எவ்வளவு தூரம்பா?” என்று ஆறு வயதுச் சின்னவன் பத்தாவது நிமிடமே தொடங்கிவிடுவான். ஒன்பது வயது மூத்தவளுக்கு முதலில் தாகம் எடுக்கும், பிறகு செருப்பு கடிக்கும், கடைசியில் தலை வலிக்கும். சிங்கப்பூரில் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை. என் வீட்டில்தான் நடக்க ஆளில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஜியோகேச்சிங் பக்கம் போனோம். ஆட்டம் எளிது. யாரோ ஒருவர் ‘கேச்’ எனப்படும் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயலியில் பதிந்துவிடுவார். நாம் கைப்பேசியோடு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய கதை இது: பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் காட்டில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்தார். உள்ளே கவண், பீன்ஸ் டின் என்று சில்லறைச் சாமான்கள். அந்த ஒரு வாளி இன்று உலகெங்கும் முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

நாங்கள் முதலில் போனது பழைய ரயில் தடத்துக்கு. 2011-இல் மலாயா ரயில் நின்றபின் நடைபாதையாக மாறிய 24 கிலோமீட்டர் பசுமைத் தடம் அது. மேடு பள்ளம் அதிகம் இல்லை, சின்னக் கால்களுக்குத் தோதான பாதை. சரியான இடத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும். திரையில் 60, 40, 25 மீட்டர் என்று எண் குறையக் குறையச் சின்னவன் ஓடத் தொடங்கினான். கண்டுபிடித்தவள் மூத்தவள். ஒரு கம்பத்தின் பின்புறம், கறுப்பு டேப் சுற்றிய பழைய ஃபிலிம் டப்பா. உள்ளே பீடி கனத்துக்குச் சுருட்டிய தாள். விரித்தால் வரிசையாகப் பெயர்கள், தேதிகள், ஏதேதோ மொழிகள்.

எழுதப் பேனா இல்லை. நான்கு பேர், மூன்று தண்ணீர்ப் புட்டி, இரண்டு குடை, ஒரு பேனா இல்லை. என் மனைவியின் கைப்பையில் கிடந்த புருவ மை பென்சில்தான் மானத்தைக் காப்பாற்றியது. இப்போது வீட்டுக் கதவைப் பூட்டுமுன் சின்னவன் கேட்கும் கேள்வி: “பேனா எடுத்தாச்சா?”

அதற்குப்பின் பட்டுத் தெரிந்துகொண்டவை சில.

வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் தேடும் சிரமம், போகும் வழியின் சிரமம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் இருக்கும். பிள்ளைகளோடு இரண்டிலும் 1.5-ஐத் தாண்டாதீர்கள். கடைசியாக வந்தவர்கள் எழுதியதையும் படியுங்கள். ஒருமுறை உச்சி வெயிலில் முக்கால் மணி நேரம் தேடி அலுத்துத் திரும்பினோம். வந்து பார்த்தால், எங்களுக்கு முன் போன ஐந்து பேரும் ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதியிருந்தார்கள்.

டப்பாவின் அளவைக் கவனியுங்கள். ‘மைக்ரோ’ என்றால் தாள் மட்டும்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு உள்ளே பொம்மை, கோலிக்குண்டு, சாவிக்கொத்து வேண்டும். ‘ஸ்மால்’ அல்லது ‘ரெகுலர்’ பார்த்துப் போங்கள். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ளதோ அதற்கு மேலோ ஒன்றை வைப்பது மரபு. தின்பண்டம் கூடவே கூடாது. இங்குள்ள குரங்குகளுக்கு மோப்பம் அதிகம். எண் பொறித்த உலோகத் தகடு கிடைத்தால் அது ‘டிராவல் பக்’. அதை வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த கேச்சில் விட வேண்டும்.

கடைசிப் பத்து மீட்டரில் கைப்பேசியைப் பையில் போடுங்கள். அடர்ந்த மரத்தடியிலும் உயரமான புளோக்குகளுக்கு நடுவிலும் அம்புக்குறி பேயாட்டம் ஆடும். அதை நம்பி அங்கும் இங்கும் சுற்றுவதைவிட, “உன்னை ஒளித்துவைக்கச் சொன்னால் எங்கே வைப்பாய்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். பாதி நாள் பதில் அதிலேயே வந்துவிடும். பொந்துகளைக் குச்சியால் தட்டிப் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மண்ணைத் தோண்டும் வேலையே இல்லை. புதைத்து வைக்கக் கூடாது என்பது பொது விதி. செடியை ஒடிக்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.

ஆள் பார்க்க நோண்டாதீர்கள். ஆட்டம் தெரியாதவர்களை ‘மகிள்’ (muggle) என்பார்கள். கேட்பாரற்ற பொருளைக் கண்டால் புகார் செய்யச் சொல்லிப் பழக்கிய ஊர் இது. நாலு பேர் குனிந்து கம்பத்தடியைத் துழாவினால் யாருக்கும் சந்தேகம் வரும். யாராவது வந்தால் சின்னவன் உடனே காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிடுவான். அவன் போடுவது ஒட்டுப்பட்டை வைத்த காலணி.

அடுத்தடுத்து இருக்கும் தடமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கேச்சுகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சின்னவன் நடையில் அது நாலு நிமிடம். நாலு நிமிடத்துக்கு ஒரு புதையல் இருக்கலாம் என்றால் எவ்வளவு தூரம் என்ற கேள்வியே எழுவதில்லை. காலை ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம், மூன்று கிலோமீட்டர் போனதே தெரியாது.

கற்றுக்கொள்ள எனக்குக் கடினமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டிருப்பது. உயரத்தின் தயவில் பல நேரம் டப்பா என் கண்ணில்தான் முதலில் படும். ஆரம்பத்தில் “இதோ!” என்று நான் கத்தியதும் இருவர் முகமும் வாடிவிடும்; அதோடு அன்றைய நடை முடிந்தது. இப்போது பார்த்தாலும் பார்க்காததுபோல் நின்றுவிடுவேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பாலத்தடியில் மூத்தவள் தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு தம்பியின் காதில், “அப்பா இடது பக்கம் பார்க்கவே மாட்டேங்கிறார், அங்கதான் இருக்கு” என்றாள்.

அங்கேதான் இருந்தது. இப்போது பேனாவோடு கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போகிறேன்.