கும்மிடிப்பூண்டி நண்பருக்கு: ஆறடி வேண்டாம், ஏழரை அடி எடுங்கள்



சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வாரத்தில் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளும் விடியும் முன்னே கிளம்பிக் கோவளம் வந்து வாடகைக்கு எடுத்த ஒன்பதடி ஃபோம் போர்டில் அலை பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். நுரை அலையைத் தாண்டி, உடையாத அலையிலேயே எழுந்து நின்று பக்கவாட்டில் ஓட வந்துவிட்டது, ஆனால் போர்டு திரும்ப மாட்டேன் என்கிறது என்பது உங்கள் குறை. ஆறடி இரண்டு அங்குலத்தில் பழைய ஷார்ட்போர்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் எடை 78 கிலோ என்றும் எழுதியிருந்தது நல்லதாயிற்று. பதில் அதில்தான் இருக்கிறது.

எடுக்காதீர்கள். இதே கேள்வியோடு நிறையப் பேர் இருப்பதால் காரணத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். அந்தப் போட்டியின் வீடியோக்களைப் பார்த்தவர் யாருக்கும் அலையின் உச்சியில் போய்ப் போர்டைச் சட்டென்று திருப்பி இறங்க வேண்டும் என்று கால் துடிக்கும். துடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வீடியோக்களில் ஓட்டும் பையன்கள் கடற்கரையிலேயே வளர்ந்தவர்கள், வாரத்தில் பெரும்பாலான நாள் தண்ணீரில் இருப்பவர்கள். அவர்கள் காலடியில் இருக்கும் போர்டின் கொள்ளளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை லிட்டருக்கும் குறைவு. அந்தக் கணக்கு வாரத்துக்கு ஒரு நாள் கடலுக்கு வருகிறவருக்கு ஒத்துவராது.

கொள்ளளவு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். போர்டு எத்தனை அடி என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் அது எத்தனை லிட்டர் என்பது. பெரும்பாலான போர்டுகளில் அடிப்பக்கத்திலோ நடுக்கட்டை ஓரமாகவோ பென்சிலால் எழுதியிருக்கும். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் ஒன்பதடி ஃபோம் போர்டு எழுபது லிட்டரைத் தாண்டும். விலைக்கு வந்திருக்கும் ஆறடி இரண்டு, வழக்கமான அகலமும் கனமும் உள்ளதாக இருந்தால் முப்பது லிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே தாவலில் பாதிக்கும் மேல் மிதப்பை இழக்கிறீர்கள். அதன் மேல் படுத்தால் மார்பு வரை தண்ணீர் ஏறும். கையால் தண்ணீரை வலித்து வெளியே போய்ச் சேருவதற்குள் தோள் ஓய்ந்துவிடும். அலை வரும்போது அதன் வேகத்துக்கு உங்கள் வேகம் எட்டாது, அலை அடியில் புகுந்து போய்விடும். ஒன்பதடி லாங்போர்டில் காலையில் இருபது அலை பிடித்தவர் இதில் இரண்டு பிடித்தால் அதிகம். அலையே பிடிக்க முடியாதவர் போர்டைத் திருப்பக் கற்றுக்கொள்வது எப்படி?

உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.6 முதல் 0.7 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான கணக்கு. 78 கிலோவுக்கு அது 47லிருந்து 55 லிட்டர் வரை வருகிறது. ஏழரை அடி நீளம், 22 அங்குல அகலம், இரண்டே முக்கால் அங்குலக் கனம் உள்ள ஒரு மிட்-லெங்த், அதாவது நடுத்தர நீளப் போர்டு, ஏறத்தாழ ஐம்பது லிட்டர் பிடிக்கும். உங்களுக்கு அதுதான். கொஞ்சம் பயமாக இருந்தால் எட்டடி எடுங்கள், தவறே இல்லை. ஏழடிக்குக் கீழே இப்போதைக்கு இறங்க வேண்டாம்.

இந்த நடுத்தர நீளத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியை ஆஸ்திரேலியாவின் நாட் யங் ஒன்பதடி நாலு அங்குல போர்டில்தான் வென்றார். அடுத்த சில வருஷங்களுக்குள் போர்டுகள் மளமளவென்று ஏழடிக்கும் கீழே இறங்கிவிட்டன. 1981இல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின், அதாவது அடிப்பக்கத்துத் துடுப்பு, வைத்த போர்டில் பெரிய போட்டிகளை வென்ற பிறகு, குட்டையான, மூன்று ஃபின் வைத்த போர்டே சர்ஃபிங் என்று உலகம் முழுக்க ஆகிப்போனது. நடுவில் இருந்த ஏழடி, எட்டடி போர்டுகளைக் கற்றுக்குட்டிகளின் சாமான் என்று ஒதுக்கி வைத்தார்கள். இப்போது டெவன் ஹோவர்ட் போன்ற நல்ல கைகள் அவற்றை மறுபடியும் ஓட்டிக் காட்டியதால் உலகமெங்கும் ஷேப்பர்கள் மிட்-லெங்த் செய்து தள்ளுகிறார்கள். ஆகவே இதை எடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தேர்ந்தவர்களும் விரும்பி ஓட்டும் போர்டு இது.

நம்முடைய கடலையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் இலங்கையைத் தாண்டி நம் கரைக்கு வருகின்றன. கோவளத்தில் அந்த மாதங்களில் இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை அலை வரும். விடியற்காலையில் கரையிலிருந்து மேல்காற்று வீசும்போது அலையின் முகம் வழுவழுவென்று நிற்கும். முற்பகலில் கடற்காற்று திரும்பியதும் எல்லாம் கலங்கிப்போகும். ஜனவரி முதல் மார்ச் வரை அலை சின்னதாகவும் சோம்பலாகவும் இருக்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, புயல், இறங்காதிருப்பதே நல்லது. மொத்தத்தில் நம்முடையது பெரும்பாலும் மென்மையான, மெதுவாக மடியும் அலை. ஷார்ட்போர்டுக்குச் செங்குத்தான, தள்ளுவிசை உள்ள அலை வேண்டும். அப்படிப்பட்ட நாட்கள் வரத்தான் செய்கின்றன. அவை உங்கள் லீவு நாளில் வருமா என்பதுதான் கேள்வி.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வந்து சேர்வது என்பது சின்ன வேலையில்லை. அத்தனை தூரம் வந்து இறங்கும் காலையில் கடல் எப்படி இருந்தாலும் அதில் ஓடக்கூடிய போர்டு உங்களிடம் இருக்க வேண்டும். முழங்கால் அலையிலும் ஓட வேண்டும், தோள் உயர அலையிலும் மூக்கு குத்தாமல் இறங்க வேண்டும். இந்த இரண்டையும் செய்வது மிட்-லெங்த் ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் ராக்கர், அதாவது போர்டின் நீளவாக்கு வளைவு. போர்டைத் தரையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். கோவளம் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் போட்டின் முகப்பு போல மூக்கு மேலே தூக்கியிருந்தால் அது பெரிய, செங்குத்தான அலைக்கான போர்டு. நம் அலையில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், ஓடாது. நடுப்பகுதி தட்டையாகவும் மூக்கும் வாலும் மட்டும் மெல்ல உயர்ந்தும் இருப்பதை எடுங்கள். அடுத்து, கனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மார்புக்குக் கீழே கனம் இருந்தால் கையால் தண்ணீரை வலிப்பது சுலபம். ஓரம், அதாவது ரெயில், வால் பக்கம் போகப் போக மெலிந்து கூர்மையாக வர வேண்டும். உங்கள் ஃபோம் போர்டு திரும்ப மறுப்பதற்கு நீளம் மட்டும் காரணமில்லை, உருண்டு தடித்த அந்த ரெயில் தண்ணீரில் இறங்காததும்தான் காரணம். புதிய போர்டில் இந்த வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள். வால் வட்டமாக முடியும் வகை உங்களுக்குப் போதும்.

ஃபின் விஷயத்தில் நடுவில் ஒரு பெரியது, இரு பக்கமும் இரண்டு சிறியது என்ற அமைப்பை எடுங்கள். இதில் ஒரு வசதி உண்டு. நடு ஃபின் ஒரு நீண்ட பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். பின்னால் தள்ளி வைத்தால் போர்டு நேராக, நிதானமாக ஓடும், லாங்போர்டிலிருந்து வருகிறவருக்குப் பழகிய உணர்வு. பழகிய பின் ஒரு திருகைத் தளர்த்தி அரை அங்குலம் முன்னே நகர்த்துங்கள், அதே போர்டு இலகுவாகத் திரும்பத் தொடங்கும்.

போர்டு எதனால் செய்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் ஊரில் ஃபைபர் கிளாஸ் வேலை தெரிந்தவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே பாலியூரித்தேன் ஃபோம் உள்ள போர்டில் கீறல் விழுந்தால் சாதாரணப் பாலியெஸ்டர் ரெசின் வைத்து அடைக்கலாம். எபாக்ஸி போர்டு என்று விற்பவற்றில் உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் தெர்மாகோல் என்று சொல்கிற பொருளின் அடர்த்தியான வகை. அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அதில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கு எபாக்ஸி ரெசின் மட்டும்தான். ஓட்டை விழுந்த தெர்மாகோல் போர்டு தண்ணீரையும் உறிஞ்சும், அடைக்கும் வரை கடலில் இறக்கக் கூடாது.

பழைய போர்டானால் கட்டைவிரலால் மேல்பரப்பு முழுக்க அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் கண்ணாடியிழை ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஃபின் பெட்டியைச் சுற்றி விரிசல், குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு, இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெறும் மஞ்சளாகிப் போனதற்குப் பயப்பட வேண்டாம். வாங்கிய பின் மே மாத வெயிலில் கம்பெனி வாசலில் நிற்கும் காரின் கூரையில் கட்டிவைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து மேல்பரப்பு கொப்புளம் போல எழும்பிவிடும்.

ஓட்டும் விதத்தில் இரண்டு மாற்றம் வரும். லாங்போர்டில் நீங்கள் அலைக்கு வெகு வெளியே காத்திருந்து சீக்கிரமே பிடித்தீர்கள். இனி அலை உடையும் இடத்துக்குச் சில அடி உள்ளே வந்து உட்கார வேண்டும், கொஞ்சம் தாமதமாக எழ வேண்டும். எழுந்ததும் பின்னங்கால் ஃபினுக்கு மேலே வந்து விழ வேண்டும். லாங்போர்டின் நடுவிலேயே நின்று பழகிய கால் அங்கேயே நிற்கப் பார்க்கும். போர்டு திரும்பவில்லை என்று தோன்றினால் முதலில் குனிந்து பின்னங்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் சில வாரம் தடுமாற்றம் இருக்கும், அது போய்விடும்.

கோவளம் தூரமாக இருக்கிறது, பழவேற்காட்டில் இறங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. ஏரியின் முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் மொத்தமும் கடலை நோக்கி இழுக்கும். தனியாகப் போர்டோடு இருப்பவரை அது எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. எண்ணூர்ப் பக்கம் போனாலோ, கரையோரம் கொட்டியிருக்கும் பாறைகள் அலையில் விழுகிறவரின் தலைக்கு ஆபத்து. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றில் கலந்த எண்ணெயாலும் அந்தக் கரை பட்ட பாட்டை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. கடல் கிழக்கே பக்கத்திலேயே இருந்தும் தெற்கே அத்தனை தூரம் ஓட வேண்டியிருப்பது உங்கள் வட்டாரத்துக்கு நேர்ந்த அநியாயம்தான். அதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் தொடங்கிய பள்ளி இருக்கிறது, மாமல்லபுரத்திலும் பள்ளிகள் இருக்கின்றன. கடலை அறிந்த பையன்கள் பக்கத்தில் இருக்கும் இடத்திலேயே இறங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த லீவில் ஒன்பதடிக்குப் பதிலாக ஏழரை அல்லது எட்டடி போர்டை வாடகைக்குக் கேளுங்கள். அலை சின்னதாக உள்ள நாள் ஒன்று, பெரிதாக உள்ள நாள் ஒன்று, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். லாங்போர்டை அதற்காக அடியோடு விட்டுவிட வேண்டாம். பிப்ரவரியில் கடல் தூங்கும் காலையில் அதுவே உதவும். ஆறடி போர்டுக்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே பேசித் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.