இடுப்பு மூட்டு தேயுதான்னு ரத்தம் சொல்லும்

ராஜபாளையம் மில்லுல ஒரு கியர்பாக்ஸைக் கழட்டாமலே உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்க்க வழி இருக்கு. கொஞ்சம் ஆயில் எடுத்து, அதுல எவ்வளவு உலோகம் கலந்திருக்குன்னு டெஸ்ட் பண்ணணும். பந்து, கிண்ணம் ரெண்டுமே உலோகமா இருக்கிற செயற்கை இடுப்பு மூட்டுக்கும் இதே டெஸ்ட்தான். ஆயிலுக்குப் பதிலா ரத்தம்.

1960-கள்ல ஜான் சார்ன்லி பிரபலமாக்கின மூட்டுல உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம். பிளாஸ்டிக் தேயுதேன்னு, பின்னாடி ரெண்டையுமே கோபால்ட்-குரோமியம் அலாய்ல செஞ்சாங்க. தியரி நம்ம ஜர்னல் பேரிங்தான்: பெரிய பந்து, சின்ன கிளியரன்ஸ், நடுவுல திரவப் படலம். ஆனா கிண்ணம் கொஞ்சம் செங்குத்தா உட்கார்ந்துட்டா லோடு விளிம்புல விழும், படலம் அறுந்துடும். டெப்யூ கம்பெனியோட ஏஎஸ்ஆர் மாடல்ல கிண்ணமே அரைக்கோளத்தை விட ஆழம் குறைவு. அதனால இந்தத் தொல்லை அதுல சீக்கிரமே வந்தது.

உதிர்ற துகள் நானோமீட்டர் சைஸ். சர்ஃபேஸ் ஏரியா எக்கச்சக்கம், அதனால உடம்புக்குள்ள அரிச்சு அயனியா ரத்தத்துல கலக்கும். சாதாரணமா நம்ம ரத்தத்துல கோபால்ட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் கீழ. 2010-ல பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வச்ச எச்சரிக்கைக் கோடு 7. தாண்டினா விஷம்னு அர்த்தமில்லை; மறுபடி டெஸ்ட், ஸ்கேன்னு கவனிக்கணும். ரொம்ப ஏறினா இதயம், காது, கண், தைராய்டு வரைக்கும் பாதிக்கலாம். வலி இல்லாமலே ஏறலாம், அதுதான் பயம்.

ஏஎஸ்ஆரை 2010 ஆகஸ்ட்ல உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. இந்தியாவுல சுமார் 4,700 ஆபரேஷன் நடந்திருந்தது. மத்திய அரசு அருண் அகர்வால் தலைமையில கமிட்டி போட்டது 2017-லதான்! அதுக்குள்ள 3,600 பேர் வரைக்கும் எங்க இருக்காங்கன்னே தெரியல. 2018-ல இழப்பீடு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரைன்னு முடிவாச்சு. ஆளைக் கண்டுபிடிக்காம யாருக்குக் கொடுப்பாங்க?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு 2008-ல இடுப்பு மாத்தினாங்க. இதைப் படிச்சதும் பழைய ஃபைலைத் தேடச் சொன்னேன். ஆபரேஷன் குறிப்புல ஒரு குட்டி ஸ்டிக்கர்: கம்பெனி, மாடல், லாட் நம்பர். பாலிஎத்திலீன் கிண்ணம்தான்.

உங்க வீட்லயும் 2010-க்கு முன்னாடி யாராவது இடுப்பு மாத்தியிருந்தா அந்த ஸ்டிக்கரைப் பாருங்க. ஃபைல் தொலைஞ்சிருந்தா, ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில பழைய ரெக்கார்டு கேளுங்க. உலோகத்து மேல உலோகம்னு தெரிஞ்சா, வலி இல்லைன்னாலும் எலும்பு டாக்டர்கிட்ட கோபால்ட், குரோமியம் டெஸ்ட் பத்திக் கேளுங்க.