நாள் தள்ளும் முன்பே

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அடுத்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம் அத்தை, இப்பவே ஏதாவது மாத்திரை போடணுமா?" அதற்குள் உன் வீட்டுக் குக்கர் கத்தியது, பேச்சு அறுந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை உண்டு. ஃபோலிக் ஆசிட், பொதுவாக தினம் 400 மைக்ரோகிராம். கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்க வேண்டும். உனக்குரிய அளவை டாக்டர் சொல்வார், சர்க்கரை இருப்பவர்களுக்கு அளவு கூடும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிய பிறகு, 'எதற்கும் இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்' என்று இருந்துவிட்டு கிட் வாங்கிப் பார்த்தால் அந்த வேலை முடிந்தே போயிருக்கும். சர்க்கரை கதையும் இதேதான். இதயமும் மற்ற உறுப்புகளும் வடிவெடுக்கும் அந்த முதல் வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கரு கலையவும் பிறவிக் குறை வரவும் வாய்ப்பு கூடும்.

முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கர்ப்பிணிகள் வரும் நாளில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். குமட்டிக்கொண்டே குடிப்பார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து ரத்தம் எடுப்போம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. பலருக்கு ஆறாம் மாதத்தில்தான் தெரியவரும். சாப்பாட்டை மாற்றலாம், தேவைப்பட்டால் இன்சுலின் போடலாம், பெரும்பாலும் நல்லபடியாகவே பிரசவம் ஆகும். ஆனால் எடையைக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது, வயிற்றில் பிள்ளை இருக்கிறதே! இந்தப் பெண் ஒரு வருஷம் முன்னால் இந்தப் பெஞ்சுக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்தும். உடம்பு கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். ஏற்கெனவே வயிற்றுச் சதையோடு திணறும் உடம்பால் அது முடியாமல் சர்க்கரை ஏறும். நஞ்சுக்கொடி சர்க்கரையைக் குழந்தைக்கு விடும், தாயின் இன்சுலினை விடாது. குழந்தையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ள, வந்த சர்க்கரையெல்லாம் கொழுப்பாகும். 'நாலு கிலோ, கொழுகொழுன்னு பிறந்திருக்கான்' என்று ஊரே கொண்டாடும். பிறந்த சில மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை சரேலென இறங்கி நாங்கள் ஓடுவோம். அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதிகம். தாய்க்கும்தான்.

இனி உன் கணக்கு. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 64 கிலோ என்றாய். உடல் நிறை எண் 27. நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம், 25 என்றால் பருமன். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதையும் மறக்காதே. கல்யாணமான ஏழு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது உன் குற்றமில்லை. வீடு வீடாக விருந்து வைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று இரண்டு கிலோ பால்கோவாவைத் திணித்தவளே நான்தான்.

நாலரைக் கிலோ குறைத்தால் போதும். அது உன் எடையில் 7 சதவீதம். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான் இலக்கு. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் உணவு, நடை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. இவை கர்ப்பத்துக்காகச் செய்த ஆய்வுகள் அல்ல. ஆனால் இன்சுலின் அதே இன்சுலின்தானே.

பட்டினி வேண்டாம். மதியத் தட்டில் பாதி பொரியலும் கூட்டும் இருக்கட்டும் (உருளைக்கிழங்கு காய்க்கணக்கில் வராது), கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிதான் சோறு. நாலு இட்லி மூன்றாகட்டும், பக்கத்தில் கொஞ்சம் சுண்டல். மூன்று வேளைக் காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சீனி என்றால் மாதத்துக்கு முக்கால் கிலோ ஆகிறது, கணக்குப் போட்டுப் பார். சிறுதானியம் நல்லதென்று குதிரைவாலிப் பொங்கலை நெய் மிதக்க இரண்டு தட்டு சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்! ராத்திரி சாப்பிட்டதும் படுக்காமல் பதினைந்து நிமிடம் நட. நடக்கும் கால் தசை ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

உன் தோழி சொன்ன எடை குறைக்கும் ஊசியை நீயாகப் போட்டுக்கொள்ளாதே. அந்த செமாக்ளூடைடைக் கரு தரிக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது என்றாயே, ஐந்து சதவீத எடை இறங்கினாலே அது சீராவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் கொடு. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும். அவர் சிகரெட்டுக்கும் தொப்பைக்கும் இதில் பங்குண்டு. நீ சுண்டல் சாப்பிட, அவர் எதிரே உட்கார்ந்து பரோட்டா பிய்த்தால் எத்தனை நாள் தாங்கும்?

இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடு. எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் குழந்தை யோசனையைச் சற்றுத் தள்ளிவைத்து முதலில் டாக்டரைப் பார். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. காலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் நான் பெரியகுளக் கரையில் நடந்துகொண்டிருப்பேன்.

அன்புடன்,
அத்தை